56 லட்சம் ஃபாலோயர்ஸ்... 155 ஓட்டு! சோஷியல் மீடியா செல்வாக்கு தேர்தலில் எடுபடுமா?

ஒரு வேட்பாளரின் வீடியோ லட்சக்கணக்கில் லைக்ஸ் வாங்கினால் போதும், "இந்த முறை இவர்தான்" என்று கமெண்ட்டிலேயே ரிசல்ட் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் லைக் எல்லாம் ஓட்டாக மாறுமா? மூன்று தேர்தல்களைப் பார்ப்போம்.

மும்பையில் என்ன நடந்தது?

2024 நவம்பரில் நடந்த மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தலில், மும்பை வெர்சோவா தொகுதியில் ஆசாத் சமாஜ் கட்சி சார்பில் போட்டியிட்டார் இந்தி பிக் பாஸ் புகழ் நடிகர் அஜாஸ் கான். இன்ஸ்டாகிராமில் அவருக்கு சுமார் 56 லட்சம் ஃபாலோயர்ஸ். வாங்கிய ஓட்டு வெறும் 155. நோட்டாவுக்கே ஆயிரத்துக்கும் மேல் விழுந்தது!

காரணம் சிம்பிள். ஃபாலோயர்ஸ் எந்த ஊரிலும் இருக்கலாம். ஆனால் ஓட்டு போட, அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கணும். 18 வயது ஆகாதவர்கள், போலிக் கணக்குகள், சும்மா கலாய்க்க ஃபாலோ பண்றவங்க என எல்லாரும் சேர்ந்ததுதான் ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை.

ட்வீட்டை எண்ணினால் தெரியுமா?

2009 ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தலையொட்டி, சுமார் 1 லட்சம் ட்வீட்களை சில ஆய்வாளர்கள் அலசினார்கள். கட்சிகளைப் பற்றி ட்விட்டரில் பேசப்பட்ட அளவும், அவை வாங்கிய வாக்கு சதவீதமும் கிட்டத்தட்ட ஒத்துப்போனதாகச் சொன்னார்கள். ஆனால் கணக்கில் எடுத்தது பெரிய கட்சிகளை மட்டுமே. பைரேட் கட்சியையும் சேர்த்து வேறு சிலர் எண்ணியபோது, முதலிடம் அதற்குத்தான்! தேர்தலில் அக்கட்சி வாங்கியதோ 2%. ஒரு சீட்கூட இல்லை.

அப்போ சோஷியல் மீடியாவால் பயனே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் ருமேனியா அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், டிக்டாக்கில் பிரபலமான சுயேச்சை கலின் ஜார்ஜெஸ்கு சுமார் 23% வாக்குகளுடன் முதலிடம் பிடித்தார். கருத்துக்கணிப்புகள் இதை எதிர்பார்க்கவே இல்லை. அதிபர் தேர்தலில் நாடே ஒரே தொகுதி என்பதால், எந்த ஊர் ஃபாலோயரும் ஓட்டு போடலாம். ஆனால் ஆன்லைன் பிரசாரத்தில் முறைகேடு நடந்ததாகக் கூறி, டிசம்பர் 6-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது.

முடிவு என்ன?

சோஷியல் மீடியா ஒருவரை வாக்காளரிடம் கொண்டு சேர்க்கும். எத்தனை பேர் பூத்துக்கு வருவார்கள் என்று சொல்லாது. எனவே அடுத்த முறை ட்ரெண்டிங்கைப் பார்த்து முடிவு கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: லைக் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கு?