தீயில்லாத அடுப்பு

1945-ல் அமெரிக்காவில் ரேடார் குழாய் பக்கத்தில் நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பை மிட்டாய் உருகியதாம். அதிலிருந்து பிறந்ததுதான் மைக்ரோவேவ். 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ.

அதே வருசம்தான் அப்பத்தா துடியலூர்ல எங்க தோட்டத்து வீட்டுக்கு மருமகளா வந்து விறகடுப்பு ஊத ஆரம்பிச்சாங்க.

2007-ல் அந்த அடுப்பை மேசைமேல் வைக்கிற அளவில் வாங்கி, அரிசியும் பருப்பும் செஞ்சேன். சாமானத்துக்குள்ள இருக்கிற தண்ணியைத்தான் அது சூடாக்கும்; ஊறவெச்ச துவரம்பருப்பு நல்லாவே வெந்துச்சு. கடுகும் சின்ன வெங்காயமும் தாளிக்க மட்டும் கேஸ் அடுப்பு.

அப்பத்தா பெட்டியைத் தடவிப் பார்த்தாங்க. "பொகையே இல்லீங்களா கண்ணு?"

அறுபது வருசம் அடுப்பு ஊதுன கண்ணு. பெட்டியோட வெளிச்சங்கூட அதுக்குத் தெரியல.