கொனோற் படையினரின் ஓய்வூதியக் கோரிக்கை

அயர்லாந்துப் பாராளுமன்றம் 1936ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டமொன்று சட்ட வரலாற்றில் அபூர்வமானது. அந்நிய அரசின் படையிற் சேர்ந்து, அப்படையின் கட்டளையை மீறியமைக்காகத் தண்டனை பெற்றோருக்கு ஓய்வூதியம் வழங்க அச்சட்டம் வழிசெய்தது. தேச விடுதலைப் போரில் ஒருநாளேனும் பங்குகொள்ளாத இம்மனிதர் அத்தேசத்தின் பொதுப்பணத்திற்கு எவ்வாறு உரித்துடையவராயினர் என்பதே இங்கு ஆராயத்தக்க வினாவாகும்.

கொனோற் றேஞ்சர்ஸ் என்பது மேற்கு அயர்லாந்தில் ஆட்சேர்த்த பிரித்தானியப் படைப்பிரிவு. அதன் முதலாம் அணி 1920இல் பஞ்சாபின் ஜலந்தரில் நிலைகொண்டிருந்தது. தாயகத்திற் பிரித்தானியப் படைகள் நடத்திய அடக்குமுறைச் செய்திகள் கடிதங்கள் வாயிலாகப் பாசறையை எட்டின. யூன் 28ஆம் நாள் காலை சிப்பாய்கள் சிலர் இனிப் பணிசெய்வதில்லை என அறிவித்துத் தம்மைத் தாமே காவலில் ஒப்படைத்தனர். சில மணி நேரத்தில் அவர்களோடு பெருந்தொகையானோர் சேர்ந்துகொண்டனர். ஜோசப் ஹோஸ் என்பார் அவர்களுள் முதன்மையானவர். அயர்லாந்தில் ஆங்கிலேயர் செய்வதையே இந்தியாவிற் தாமும் செய்வதாக அவர்கள் உணர்ந்தனர் என அவர் பிற்காலத்திற் கூறினார். அமிர்தசரஸ் படுகொலை நிகழ்ந்து அப்போது ஓராண்டே கழிந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

செய்தி மலைப்பகுதியிலிருந்த சோலன் முகாமுக்கும் பரவியது. அங்கு ஜேம்ஸ் டேலியின் தலைமையில் யூலை 1ஆம் நாள் இரவு ஆயுதக்களஞ்சியத்தைக் கைப்பற்றும் முயற்சி நடந்தது. காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். இராணுவ நீதிமன்றம் பலருக்கு மரணதண்டனை விதித்ததாயினும் அது நிறைவேற்றப்பட்டது டேலிக்கு மாத்திரமே. நவம்பர் 2ஆம் நாள் தக்ஷாய் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 20. ஏனையோர் 1923இன் தொடக்கத்தில் விடுதலையாகித் தாயகம் மீண்டனர்.

மீண்ட தாயகம் சுதந்திர அயர்லாந்து. ஆனால் அங்கு இவர்களின் நிலை இரண்டுங்கெட்ட நிலையாயிருந்தது. பிரித்தானிய அரசிடம் பெற்றிருக்கக்கூடிய சலுகைகளைக் கலகக் குற்றம் பறித்துவிட்டது. அயர்லாந்தின் 1924ஆம் ஆண்டு இராணுவ சேவை ஓய்வூதியச் சட்டமோ விடுதலைப் படைகளிற் சேவையாற்றியோரையே கருத்திற் கொண்டது. அவ்வுரிமை 1934இல் உடன்படிக்கையை எதிர்த்துப் போரிட்டோருக்கும் விரிவாக்கப்பட்டபோதும் றேஞ்சர்ஸ் சிப்பாய் அதனுள் அடங்கவில்லை. மன்னருக்குச் சத்தியஞ்செய்து சீருடை அணிந்தவர் அன்றோ அவர்! வேலை கிடைப்பதும் எளிதாயிருக்கவில்லை.

தனிச் சட்டம் பிறந்தது இக்காரணத்தினாலேயே. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கலகத்துக்குத் தேசப்பற்று காரணமா, கோடை வெப்பமும் பாசறை வாழ்வின் குறைகளும் காரணமா என ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். இரண்டும் கலந்திருந்தன என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மனிதரின் உள்ளக்கிடக்கையை அதிகாரிகள் அளந்து பார்க்க இயலாது. அனுபவித்த சிறைவாசத்தையே அளக்கலாம். ஆகவே அதுவே உரிமைக்கு அடிப்படையாயிற்று. முன்பு பிரித்தானிய நீதிமன்றம் சுமத்திய அவமானம், டப்ளின் அலுவலகத்தில் நற்சான்றாக மாறியது. கலகத்தில் நின்றும் தண்டனைக்குத் தப்பியவருக்கு இவ்வளவுகோல் நீதி செய்ததெனக் கூறுவது கடினம்.

டேலியின் எச்சங்கள் 1970இல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, வெஸ்ற்மீத் மாவட்டத்தின் ரிறெல்ஸ்பாஸில் அடக்கஞ் செய்யப்பட்டன. சோலனில் மாண்ட இருவரும் டப்ளின் கிளாஸ்நெவின் மயானத்தில் இடம்பெற்றனர்.