வரி நிறமாலை அதிர்வெண்கள்

பேச்சொலியைக் குறைந்த பிட்டுகளில் அனுப்புவதற்காக, குரல்வழியின் வடிவத்தை ஏறுவரிசையில் அமைந்த சில அதிர்வெண்களாக எழுதும் கணித முறை. ஜப்பானியரான ஃபுமிததா இதாகுரா 1975இல் முன்வைத்தது. கைபேசிக் குறியாக்கிகள் பலவற்றில் இதுவோ இதன் நெருங்கிய உறவோ இருக்கிறது.

தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 மாதிரிகளாக அளந்து, மாதிரிக்கு 8 பிட் கொடுத்தால் நொடிக்கு 64,000 பிட் ஆகும். அவ்வளவும் தேவையில்லை. முந்தைய பத்து மாதிரிகளைத் தக்க எடைகளோடு கூட்டினால் அடுத்ததைப் பெருமளவு ஊகித்துவிடலாம். தொண்டை முதல் உதடு வரையிலான குழாய் அந்தக் கணத்தில் எப்படி வளைந்திருக்கிறது என்பதை அந்தப் பத்து எடைகளே, அதாவது கெழுக்களே, சொல்லிவிடுகின்றன. இந்த நேரியல் முன்கணிப்பை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விரிவுரையாளராக இருந்து பெல் ஆய்வகம் சென்றவர். சூசன் ஹனாவருடன் 1971இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று.

கெழுக்களை அப்படியே தோராயப்படுத்தி அனுப்புவதில்தான் வில்லங்கம். ஒன்று சற்றே பிசகினாலும், அவற்றால் அமையும் பல்லுறுப்புக்கோவையின் ஒரு மூலம் அலகு வட்டத்தைத் தாண்டிவிடக்கூடும். தாண்டினால், பெறும் முனையில் குரலை மீட்டெடுக்கும் வடிப்பியின் வெளியீடு கட்டுக்கடங்காமல் பெருகும். காதில் கீச்சொலிதான் விழும். இதாகுரா அந்தக் கோவையையும், கெழுக்களைத் தலைகீழாக அடுக்கிய அதன் நகலையும் ஒருமுறை கூட்டினார், ஒருமுறை கழித்தார். கிடைத்த இரு கோவைகளின் மூலங்களும் அலகு வட்டத்தின் மேலேயே, ஒன்றுவிட்டு ஒன்றாக அமைகின்றன. ஆகவே அவற்றின் கோணங்களை மட்டும் அனுப்பினால் போதும்; அந்தக் கோணங்களே வரி நிறமாலை அதிர்வெண்கள். ஏறுவரிசை கெடாதவரை வடிப்பி நிலைகுலையாது. பெறும் முனையில் செய்ய வேண்டிய சோதனை வரிசையைச் சரிபார்ப்பது மட்டுமே. இவ்வளவு மலிவான காப்பு இத்துறையில் அரிது. ஓர் அதிர்வெண்ணில் நேரும் பிழையும் அதன் அக்கம்பக்கத்தை மட்டுமே பாதிக்கிறது.

இரண்டு அதிர்வெண்கள் நெருங்கி நின்றால் அங்கே ஒத்ததிர்வு வலுவாக இருக்கிறது என்று பொருள்.  தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ழகரம் இதற்கு எடுத்துக்காட்டு. அதை ஒலிக்கையில் மூன்றாம் ஒத்ததிர்வு இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. இவை தொலைபேசியின் 3400 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் அடங்குவதால் ழகரம் தப்பிக்கிறது. ஸகரத்தின் சீறல் பெரிதும் அதற்கு மேலே கிடப்பதால் மழுங்கிவிடுகிறது.

குல்தீப் பாலிவாலும் அடலும் 1993இல், 20 மில்லிநொடிப் பேச்சுத் துண்டான ஒரு சட்டகத்தின் நிறமாலைக்கு 24 பிட்டே போதும், காது வேறுபாடு காணாது என்று காட்டினர். ஜி.729 குறியாக்கி தன் 10 மில்லிநொடிச் சட்டகத்தின் 80 பிட்டில் 18ஐ இதற்கு ஒதுக்குகிறது. ஏ.எம்.ஆர். குறியாக்கியின் 12.2 கிலோபிட் நிலையில் 244க்கு 38. தொடக்ககால ஜி.எஸ்.எம். மட்டும் வேறு வழியில் போய், குழாயின் பரப்பு விகிதங்களின் மடக்கைகளை 36 பிட்டில் அனுப்பியது. 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் அகலப்பட்டை ஏ.எம்.ஆர். 16 அதிர்வெண்களைச் சற்று மாற்றிய வடிவில் கையாளுகிறது.

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாறிலோ குமுளியிலோ கைபேசி எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பிடித்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு மாறாது. குரல் கெடுவது வேறொரு சூழலில்: இரு முனைகளிலும் வெவ்வேறு குறியாக்கிகள் இருந்தால், நடுவில் ஒருமுறை அவிழ்த்து மறுபடி பொதிய வேண்டும், தோராயத்தின் மேல் தோராயம் ஏறும். இரு முனையும் ஒரே குறியாக்கியாக இருக்கும்போது, இடையில் அவிழ்க்காமலே சட்டகங்களைக் கடத்திவிடும் ஏற்பாடு வலையமைப்புகளில் உண்டு.