பவளப்பாறைத் தொட்டிகளில் இராட்சதச் சிப்பி வளர்ப்பின் வரலாறு

இராட்சதச் சிப்பிகள் இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஆழமற்ற பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் இருஓட்டு மெல்லுடலிகள் ஆகும். இவற்றுள் மிகப் பெரிய இனமான ட்ரைடாக்னா ஜைகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 200 கிலோவுக்கு மேல் எடையும் அடையக்கூடியது. வண்ணம் மிக்க சிறிய இனங்கள் கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. இவ்வளர்ப்பின் வரலாறு பெரும்பாலும் ஒளியைப் பற்றிய புரிதலின் வரலாறாகும்.

ஒளியே உணவு

1928–29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்த ஆய்வுப் பயணத்துக்கு பிரித்தானிய விலங்கியலாளர் மாரிஸ் யங் தலைமை தாங்கினார். இச்சிப்பிகளின் மேன்டில் எனப்படும் சதைப் போர்வையில் வாழும் நுண்பாசிகளை அவர் விரிவாக ஆராய்ந்தார். சிப்பி அப்பாசிகளைச் செரித்து உண்கிறது என்று அவர் கருதினார். பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உருவாக்கும் சர்க்கரைப் பொருட்கள் சிப்பிக்குக் கிடைக்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. சிப்பி நீரை வடிகட்டியும் உண்ணும். ஆனால் போதிய ஒளி இல்லையெனில் மெல்ல மெலிந்து இறந்துவிடும்.

விளக்குகளின் மாற்றம்

இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், சூரிய ஒளியையும் உயிர்ப்பாறைகளையும் கொண்டு கடல் உயிர்களை வளர்க்கும் முறையை 1961இல் கட்டுரையாக வெளியிட்டார். வெயில் குறைந்த நாடுகளில் இம்முறை எளிதாக இருக்கவில்லை. அங்கு பயன்பட்ட சாதாரண குழல்விளக்குகளின் ஒளி இச்சிப்பிகளுக்குப் போதவில்லை. 1980களில் மெட்டல் ஹாலைடு விளக்குகள் பரவிய பின்னரே வீட்டுத் தொட்டிகளில் இவற்றை நீண்டகாலம் வளர்ப்பது இயல்பானது. பின்னர் எல்.இ.டி. விளக்குகள் அவ்விடத்தைப் பெருமளவு பிடித்தன.

வேட்டையும் பண்ணையும்

இறைச்சிக்காகவும் ஓட்டுக்காகவும் அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் பல தீவுகளில் இச்சிப்பிகள் அருகின. 1985க்குள் எல்லா இனங்களும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. அதே காலத்தில் பசிபிக் தீவு நாடான பலாவில் பெருமளவு குஞ்சு உற்பத்தி தொடங்கியது. முட்டையில் நுண்பாசிகள் இருப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைக் கடல்நீரிலிருந்தே பெறுகிறது. எனவே பண்ணைகளில் இளம்பருவத்துக்குப் பாசிகளைக் கொடுத்து, வெயில் படும் தொட்டிகளில் வளர்க்கின்றனர். இதனால் கடலில் பிடிக்காமலேயே வளர்ப்போருக்குச் சிப்பிகள் கிடைக்கும் வழி உருவானது.

பராமரிப்பு

* ஒளி: ட்ரைடாக்னா குரோசியா, மாக்சிமா இனங்களுக்கு மிகுந்த ஒளி தேவை. டெராசா, ஸ்குவாமோசா ஆகியவை சற்றுக் குறைந்த ஒளியையும் தாங்கும். புதிய சிப்பியைக் கடும் ஒளிக்குச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.
* நீர்: 25–28 பாகை செல்சியசு வெப்பநிலையும் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம் கால்சியமும் ஏற்றவை. ஓடு வளர்வதால் கால்சியம் தொடர்ந்து குறையும்.
* இடம்: பாறையைப் பற்றியுள்ள நார்க்கற்றையைப் பிய்த்து இழுத்தால் சிப்பி இறக்கக்கூடும்.

இந்தியாவில் மாக்சிமா, ஸ்குவாமோசா இனங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகும்.