ஆயிரம் பேருக்குக் கீழே

தொழிற்பாதுகாப்பு என்ற நம் தொழிலுக்குப் பிறந்தநாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1966 மார்ச் 4-ஐத்தான் சொல்ல வேண்டும். அன்றுதான் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலை நிறுவியது. 1972 முதல் அந்த நாளையே தேசியப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடி வருகிறோம்.

ஆனால் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி தொழிற்சாலைகள் சட்டத்தில் ஏற மேலும் பத்தாண்டு ஆனது. 1976 திருத்தம் கொண்டுவந்த 40-பி பிரிவின்படி, 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளிலும், ஆபத்து மிகுந்தவை என்று அரசு கருதும் ஆலைகளிலும் அவர் இருக்க வேண்டியிருந்தது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு. அதன் பிறகு வந்த 1987 திருத்தம்தான், அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சரிசமமாக உட்காரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. இன்று நாம் வழக்கமாகக் கூட்டும் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் இதைச் சொல்லாமல் மினிட்ஸ் புத்தகத்தை மட்டும் நீட்டக் கூடாது.

அந்த 1,000 என்ற எண்ணை நம் வட்டாரத்தில் வைத்துப் பாருங்கள். தேர்வாய்க் கண்டிகையின் டயர் ஆலை போன்ற பெரிய இடங்களில் பாதுகாப்புக்கென்று தனித் துறையே இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் ரீ-ரோலிங் மில்களும், காக்களூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளும் அப்படியல்ல. ஆள் கணக்கில் பெரும்பாலானவை சட்டத்தின் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஆபத்து மட்டும் கீழே இல்லை.

இண்டக்‌ஷன் பர்னஸ் மேடையில் நின்றவர்களுக்கு இது தெரியும். உள்ளே சுமார் 1,600 டிகிரியில் இரும்புக் குழம்பு. மேலிருந்து விழும் ஸ்கிராப்பில் மூடிய ஷாக் அப்சார்பர் ஒன்று கிடந்தால் போதும். மழையில் நனைந்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தாலும் போதும். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். குழம்பு மேடைக்கே வந்துவிடும். அதனால் பர்னஸ் பாதுகாப்பு பர்னஸில் தொடங்குவதில்லை. யார்டில், லாரி ஸ்கிராப்பைக் கொட்டும் இடத்தில், மூடிய உருப்படியைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைக்கும் ஆளிடம் தொடங்குகிறது. அவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை அவருக்கு உதவாது. அவர் மொழியில், பொருளைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும்.

ஒரு மில்லில் தப்பிப் பிழைத்த சம்பவம் பக்கத்து மில்லுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. வெளியே சொன்னால் பெயர் கெடும் என்ற பயம்தான் காரணம். பாதுகாப்பு அலுவலர்களான நமக்கு ஒரு வட்டாரக் கிளை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஆலையின் பெயரைச் சொல்லாமல் அந்தச் சம்பவத்தை மட்டும் மேசைமேல் வைக்க ஓர் இடம் வேண்டும்.

ஆலைச் சுவரோடு நம் வேலை முடிவதும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் மீனவக் குடும்பங்கள். எந்தப் பக்கம் ஓடுவது, ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஏன் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை. மாக் டிரில்லைக் கேட்டுக்குள்ளேயே நடத்தி முடித்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 1,000-ஐ 500 ஆக்கியிருக்கிறது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளுக்கு 250. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் நூறு, நூற்றைம்பது பேரோடு ஓடும் மில்கள் இன்னும் கோட்டுக்குக் கீழேதான். அங்கே சூப்பர்வைசரே பாதுகாப்பு அலுவலர். நம் அடுத்த பயிற்சி வகுப்பில் முதல் வரிசை அவருக்கு.