பூணும் பூட்டும்

அணிகலன்களைப் பற்றிப் பேசுவோர் பொன்னின் மாற்றைப் பற்றிப் பேசுவர். மணியின் ஒளியைப் பற்றிப் பேசுவர். கம்மியரின் கைத்திறனை வியந்து பாராட்டுவர். ஆனால் அவ்வணியைக் கழுத்திலும் கையிலும் நிலைபெறச் செய்யும் சிறு உறுப்பாகிய பூட்டைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அது பிடரியில் மறைந்து கிடப்பது, கண்ணுக்குப் புலப்படாதது, ஆகவே கருத்துக்கும் எட்டாமற் போயிற்று. எனினும் 5 சவரன் சங்கிலி ஒன்றின் 40 கிராம் பொன்னும் ஓரிரு கிராம் எடையுள்ள ஒரு பூட்டை நம்பித்தான் தொங்குகின்றது. பூட்டு நெகிழ்ந்தால் பூண் போயிற்று.

நம் குடும்பங்களில் பொன்னணி வெறும் அழகுப் பொருள் அன்று. தாய் மகளுக்குத் தரும் சீதனம் அது. நோய் வந்தபோது மருந்தாவது அது. மழை பொய்த்த ஆண்டில் விதை நெல்லாவதும் அதுவே. வங்கிக் கணக்கை அறியாத பல தலைமுறைப் பெண்களுக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே உடைமை கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்தான். அத்தகைய உடைமையின் காவலன் பூட்டு என்றால், அதன் வரலாற்றை அறிவதும், நல்ல பூட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவதும் வீண் வேலை ஆகா. இவ்விரண்டையும் இன்று முறையே காண்போம்.

பூட்டுகளுக்கெல்லாம் மூதாதை முடிச்சு. மணியைத் துளையிட்டு நாரிலோ நூலிலோ கோத்து, இரு முனைகளையும் பிடரியில் முடிந்துகொண்ட நாளில் கழுத்தணி பிறந்தது. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் 1920களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அணிகளில் பொன்னாலாகிய கடைத்துண்டுகள் காணப்படுகின்றன. பல சரங்களின் முனைகளை ஒருங்கே திரட்டி, ஒரே நூலாக வெளிவிடுவதற்கு அவை பயன்பட்டன. சரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் காப்பது கடைத்துண்டின் தொழில். அணியை உடலில் இருத்துவது நூலின் தொழில். இத்தொழிற்பிரிவு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் அறியப்பட்டிருந்தது. இன்றும் அட்டிகையின் இரு முனைகளிலும் பட்டுக்கயிறு கோத்துப் பின்புறம் கட்டுகின்றோம் அல்லவா? மங்கல நாணை மூன்று முடிச்சிட்டுக் கட்டும் வழக்கமும் முடிச்சின் பெருமையை இன்றளவும் பறைசாற்றி நிற்கின்றது. முடிச்சுக்கு வில் வேண்டா, திருகு வேண்டா, அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆனால் வியர்வையில் நூல் இற்றுப்போகும், அவிழ்க்க நேரமாகும், அடுத்தவர் உதவியும் பெரும்பாலும் வேண்டியிருக்கும். இக்குறைகளை நீக்க எழுந்த முயற்சியே பூட்டின் வரலாறு.

அம்முயற்சியின் அரிய சான்று ஒன்றை எகிப்து நாடு நமக்குக் காத்து வைத்துள்ளது. 1914ஆம் ஆண்டில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர் கை பிரண்டனும் லாகூன் என்னுமிடத்தில், சித்தாத்தோரியூனெத் என்னும் அரசகுமாரியின் கல்லறையை அகழ்ந்தனர். இவள் இரண்டாம் செனுஸ்ரெத் மன்னனின் மகள். வாழ்ந்த காலம் கி.மு. 19ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பழங்காலக் கள்வர் அக்கல்லறையை முன்னமே சூறையாடியிருந்தனர். ஆயினும் சுவரின் மாடத்தில் சேற்று மண்ணில் புதைந்திருந்த அணிகள் அவர்கள் கண்ணில் படவில்லை. அவற்றுள் ஒன்று பொற்சோழிகளைக் கோத்த இடையணி. அதில் பூட்டு எங்கே என்று தேடினால் எளிதில் தென்படாது. சோழிகளுள் ஒன்று நீளவாட்டில் இரு பாதியாகப் பிளக்கப்பட்டிருக்கின்றது. ஒரு பாதியில் நாக்கு. மறு பாதியில் அந்நாக்கு நுழையும் காடி. இரண்டையும் பொருத்தி நழுவவிட்டால் அது முழுச் சோழியாகிவிடும். கைவளைகளிலும் இதே நழுவு பூட்டையே அக்கம்மியர் அமைத்தனர். நியூயார்க் மாநகரத்தின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இவ்விடையணியை இன்றும் காணலாம்.

இப்பூட்டின் நுட்பம் யாது? அணியை இழுக்கும் விசை ஒரு திசையில் செல்கின்றது. பூட்டு திறக்கும் திசையோ அதற்குக் குறுக்கே செல்கின்றது. ஆகவே எவ்வளவு இழுத்தாலும் அது திறவாது. விரலால் பக்கவாட்டில் நகர்த்தினால் உடனே திறக்கும். இழுவையின் திசையும் திறப்பின் திசையும் ஒன்றாக இருத்தல் கூடாது என்பது பூட்டுக் கலையின் முதல் விதி. அதனை ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் பெயரறியாத ஒரு பொற்கொல்லன் கண்டறிந்துவிட்டான்.

கிரேக்கரும் உரோமரும் கொக்கியையும் கண்ணையும் பெரிதும் கையாண்டனர். சங்கிலியின் ஒரு முனையில் வளைந்த கம்பி, மறுமுனையில் வளையம். செய்வதற்கு எளிது, மாட்டுவதற்கும் எளிது. இதே அமைப்பு நம் தமிழகத்திலும் வேரூன்றியிருந்தது. இதற்குச் சான்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள்.

கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன், தானும் தன் தமக்கை குந்தவையாரும் தேவியரும் பிறரும் அக்கோயிலுக்கு அளித்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுவித்தான். அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்று பெயரிய நிறைகல்லால் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுட்பமாக எடை குறிக்கப்பட்டது. முத்துகள் வகை வகையாக எண்ணப்பட்டன. சரடும் அரக்கும் எடையில் சேர்ந்தனவா, நீக்கப்பட்டனவா என்பதும் கணக்கில் ஏறிற்று. 1890களில் ஹூல்ச் என்னும் அறிஞர் இவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கினார். அணிகளின் உறுப்புகளைச் சொல்லிவரும் அப்பட்டியல்களில் கொக்குவாய், படுகண் என்னும் இரு சொற்கள் பயில்கின்றன. கொக்கின் அலகைப்போல் வளைந்தது கொக்குவாய். அது சென்று மாட்டும் துளையே படுகண். எவ்வளவு அழகிய சொற்கள்! ஆங்கிலச் சொல்லைத் தேடி அலையும் நம் நகைக்கடைகளுக்கு ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ச் சொற்கள் கல்லில் காத்திருக்கின்றன.

இங்கு நாம் கருதற்பாலது மற்றொன்று உண்டு. பேரரசன் அளித்த பெருங்கொடையின் கணக்கிலே, ஒரு சிறு கொக்கியையும் தனி உறுப்பாகப் பெயர் சொல்லிப் பதித்தனர். கோயிற் பண்டாரத்தின் பொருளைக் காக்க வேண்டியவர்கள் பூட்டை எண்ணாமல் விடவில்லை. வீட்டுப் பண்டாரத்தைக் காக்க வேண்டிய நாம் அதனை எண்ணாமல் விடலாமா?

பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகக் காண்போம். மரையுள்ள திருகு வந்தது. நம் தோட்டின் சுரையும் வளையலின் திருகாணியும் அவ்வினத்தவை. ஐரோப்பாவில் பெட்டிப் பூட்டு வந்தது. மடித்த தகட்டு நாக்கு சிறு பெட்டிக்குள் நுழைந்து, விரிந்து, சுவரைப் பற்றிக்கொள்ளும். பிறகு சுருள்வில் உள்ளடங்கிய வளையப் பூட்டும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நண்டின் கொடுக்கைப் போன்ற பூட்டும் பரவின. 1969இல் நியூயார்க்கில் ஆல்டோ சிப்புல்லோ என்பவர் கார்த்தியே நிறுவனத்திற்காகத் திருப்புளி கொண்டு முடுக்கும் கைவளை ஒன்றை அமைத்தார். காவலுக்காக எளிமையை முற்றும் துறந்த பூட்டு அது. 1980களில் நியோடிமியம் என்னும் தனிமம் கலந்த வலிய காந்தங்கள் சந்தைக்கு வந்தபின் காந்தப் பூட்டுகள் தோன்றின. எளிமைக்காகக் காவலைச் சற்றே விட்டுக்கொடுத்த பூட்டு இது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் நம் தேர்வு அமைய வேண்டும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் நினைவிற் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உளது. கழுத்தணியைப் பூட்டும்போது இரு கைகளும் உதவும், கண் உதவாது. கையணியைப் பூட்டும்போது கண் உதவும். ஒரு கையே உதவும். ஆகவே கழுத்தணியின் பூட்டு தடவியறியத் தக்கதாகவும், கையணியின் பூட்டு ஒரு கை விரல்களாலேயே இயக்கத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். கடையில் நகையை வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, ஒற்றைக் கையால் ஒருமுறை பூட்டிப் பார்த்தல் நன்று. விற்பவர் பூட்டிக் காட்டுவது சான்றாகாது. அணிபவர் விரலே சான்று.

இரண்டாவதாக, அணியின் எடையை நோக்குக. எஸ் வடிவக் கொக்கி தொடர்ந்து இழுவை இருக்கும்போது மட்டுமே உறுதியாக நிற்கும். கனத்த மாலைக்கு அது பொருந்தும். மணிக்கட்டில் துவண்டு கிடக்கும் மெல்லிய சங்கிலிக்குப் பொருந்தாது. இழுவை தளர்ந்த கணத்தில் கொக்கி கண்ணை விட்டு நழுவிவிடும். வளையத்துக்குள் குச்சியை நுழைக்கும் பூட்டுக்கும் இதுவே நியதி. கையணிக்கு வில் அமைந்த கொடுக்குப் பூட்டோ, பெட்டிப் பூட்டோ சிறந்தது. பெட்டிப் பூட்டாயின் காப்புச் சங்கிலி ஒன்றும் உடன் இருத்தல் வேண்டும். நாக்கு நழுவினாலும் அச்சங்கிலி அணியை மண்ணில் விழாமற் காக்கும்.

மூன்றாவதாக, உலோகத்தின் இயல்பை அறிக. 22 காரட்டுப் பொன்னில் நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு தூய பொன். அது மென்மையானது, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், வில்லைப்போல் மீளாது. எனவே பொற்பூட்டுக்குள்ளும் எஃகு வில் வைப்பது வழக்கம். அவ்வெஃகு வியர்வையாலும் கடல்நீராலும் துருப்பிடிக்கும். கொக்கியின் வாய் சிறிது சிறிதாக அகலும். பூட்டைச் சங்கிலியோடு இணைக்கும் சிறு வளையம் வெறுமனே நெருக்கி மூடப்பட்டதா, பொடி வைத்துப் பற்றவைக்கப்பட்டதா என்று வினவுக. பூட்டு உறுதியாக இருந்தும் அணி தொலைவதற்கு இவ்வளையத்தின் பிளவே காரணமாவதுண்டு.

நான்காவதாக, அணிபவர் யார் என்பதைக் கருதுக. முதியோர்க்கு விரல் மூட்டுகள் இறுகும். நகத்தால் தள்ளும் நுண்ணிய வில் அவர்களுக்குத் துன்பம் தரும். பிறர் உதவியின்றித் தம் நகையைத் தாமே பூணவும் களையவும் இயலுவது அவர்களுக்கு ஒரு பெருமிதம். பெரிய கொடுக்குப் பூட்டு அவர்களுக்கு ஏற்றது. இலேசான அணிக்குக் காந்தப் பூட்டும் ஏற்கும். ஆனால் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனை அணிதல் ஆகாது. குழந்தைகள் நிலை வேறு. ஊஞ்சலிலோ கதவுத் தாழிலோ சங்கிலி சிக்கினால், அறுபடாத சங்கிலியும் அவிழாத பூட்டும் கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிடும். விளையாடும் குழந்தைக்கும் உறங்கும் குழந்தைக்கும் கழுத்தணி வேண்டா. பொன் போனால் ஈட்டலாம்; உயிரை ஈட்ட முடியாது.

நிறைவாக, பூட்டு எத்துணைச் சிறந்ததாயினும் ஆண்டுக்கொருமுறை ஆசாரியிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுதல் நலம். பூட்டும்போது எழும் 'டக்' என்னும் ஒலி மங்கியதா? நாக்கு தளர்ந்தது என்று அறிக. திருகு பிடிப்பின்றிச் சுழல்கின்றதா? மரை தேய்ந்தது என்று அறிக. பூட்டியபின் மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.

நகை வாங்கும்போது எடையைக் குறைக்க எண்ணுவோர், தம் கண்ணில் படாத பூட்டின் எடையைக் குறைக்குமாறு சொல்லிவிடுதல் உண்டு. அது வேலிக்கு முள் வாங்கத் தயங்கிப் பயிரை மாட்டுக்கு விடுவதை ஒக்கும். சேற்று மண்ணில் பல நூற்றாண்டுகள் கிடந்தும் தன் தொழிலை மறவாத எகிப்தியச் சோழியையும், பேரரசன் கணக்கில் இடம்பெற்ற கொக்குவாயையும் நினைவிற் கொள்வோமாக. பூணின் பெருமை காண்பவர் கண்ணில் இருக்கலாம். அதன் பாதுகாப்போ பிடரியில் மறைந்திருக்கும் பூட்டில்தான் இருக்கின்றது.