ஏழையர் விடுதி மருத்துவமனையான வரலாறு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள தூய யாக்கோபு மருத்துவமனை ஓர் ஏழையர் விடுதியாகத் தொடங்கியதென்பதை நம்மிற் பலர் அறியார். புறத்தே வாழும் கடைநிலைக் கூலியாளனின் நிலையினும் விடுதிக்குள் இருப்போர் நிலை தாழ்ந்திருத்தல் வேண்டுமென்பது 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின் கோட்பாடாகும். 1861-இல் திறக்கப்பட்ட லீட்ஸ் விடுதியும் அச்சட்டத்தின் வழி வந்ததே.

இத்தகைய விடுதிகளில் கணவனும் மனைவியும் வெவ்வேறு பகுதிகளில் வைக்கப்பட்டனர். அறுபது வயது கடந்த தம்பதியரைக் கட்டாயமாகப் பிரிக்கலாகாதென 1847-இலேயே சட்டம் இயற்றப்பட்டும், பல விடுதிகளில் அவர்களுக்கெனத் தனியறைகள் இல்லை. இறைவன் இணைத்தோரை மனிதர் பிரிக்கலாகாதெனத் திருமண ஆராதனையில் ஓதிய குருமாருட் சிலர், விடுதிகளை நடத்திய காப்பாளர் குழுக்களிலும் அமர்ந்திருந்தனர். குருத்துவத்திற்கு ஆயத்தமாகும் நாம் இதனை எளிதிற் கடந்துவிடுதல் தகாது.

உழைக்க வல்லோரை மனத்திற்கொண்டு எழுப்பிய கூடங்களை நோயாளரும் முதியோருமே நிரப்பினர். ஆதலின் நோயகங்கள் தேவையாயின. லிவர்பூல் விடுதியில் அதுவரை விடுதிப் பெண்களே நோயாளரைப் பார்த்து வந்தனர். 1865-இல் பயிற்சி பெற்ற செவிலியருடன் அங்குப் பொறுப்பேற்ற ஆக்னஸ் ஜோன்ஸ் அம்மையார், 1868-இல் டைபஸ் காய்ச்சலால் மாண்டார்.

லீட்ஸ் நிலையம் 1925-இல் தூய யாக்கோபின் பெயரைப் பெற்றது. காப்பாளர் குழுக்கள் 1930-இல் ஒழிந்தன. 1948 ஜூலை 5-இல் மருத்துவமனை தேசிய நலப்பணியிற் சேர்ந்தது. எனினும், இவ்வாறு மருத்துவமனைகளான விடுதிகளின் வாயிலைக் கடக்க முதியோர் நெடுங்காலம் அஞ்சினர். லீட்ஸின் பழைய விடுதிக் கட்டடம் 1997-இல் மருத்துவ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.